மாடிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

என் அப்பா அதிகம் பேசமாட்டார். அரசாங்க இன்ஜினியராக இருந்து, வாடிப்பட்டிப் பக்கம் வாய்க்கால் பாலங்கள் கட்டியவர். ரிட்டயரான பிறகு பேரப்பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடித்தே பொழுதைக் கழித்தார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்கு அழைத்துப்போய் ஒரே ஒரு பெருமை மட்டும் பேசுவார்: “இந்த மாடிக்கு என் மகதான் தண்ணி ஊத்துனா.” அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி நான் கீழே இறங்கிவிடுவேன். ஊற்ற வேண்டிய நாளில் நான் ஊற்றவில்லை.

ஆனையூரில் இந்த வீடு எழும்பியபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம். கான்கிரீட் போட்ட தளம் இறுக வேண்டுமென்றால், மேலே மண்ணால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடும். பள்ளி லீவுதானே என்று அப்பா அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார். மத்தியானம் மோட்டாரைப் போட்டு டியூபைப் பிடித்தால் போதும். இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் கலர் டிவி வந்து இறங்கியது. அவ்வளவுதான், மாடியை மறந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும், “தண்ணி ஊத்திட்டியா பாப்பா?” என்பார்.

“ஊத்திட்டேன்ப்பா.”

இப்படியே மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் கொத்தனார் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “தண்ணி காணாத தளம் அப்பளம் மாதிரிம்மா. கீழ முட்டு இருக்க வரைக்கும் நிக்கும். பிரிச்சா பொலபொலன்னு வந்துரும்.”

மாடிக்கு ஓடினேன். பாத்தியெல்லாம் வற்றிக் கிடந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊற்றினேன். டிவி இருந்த திசைக்கே போகவில்லை. ஆனாலும் விட்டுப்போன மூன்று நாளை எங்கே போய்ப் பிடிப்பது? தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளை இரண்டு வாரத்தில் பிரிப்பதாக இருந்ததை அப்பா மூன்று வாரமாக்கினார். பால் காய்ச்ச நாள் குறித்திருந்த அம்மா, “ஊரு உலகத்துல இல்லாத இன்ஜினியரு” என்று முணுமுணுத்தாள். எனக்கோ உயிர் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தது போலிருந்தது.

அந்த நாளும் வந்தது. தான் கட்டிய எதற்கும், முட்டு பிரிக்கும்போது அடியில் நிற்பது அப்பாவின் வழக்கம். வீட்டு நடுவில் போய் நின்றுகொண்டார். கொத்தனார் சுத்தியலை எடுத்தார்.

வாசலில் நின்ற நான் கத்தினேன். “அப்பா, வெளிய வாங்கப்பா.”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஏன்? நீ ஒழுங்கா தண்ணி ஊத்துனேல்ல?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடிப்பார் என்ற பயமில்லை. அவர் என்னை அடித்ததே கிடையாது, சங்கடமே அதுதான். வாயிலிருந்து வந்ததென்னவோ, “ஊத்துனேன்ப்பா.”

சொல்லிவிட்டு வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் இரண்டு பேர் மேலும் விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

“ஏங்க, புள்ளைய வெளிய அனுப்புங்க” என்றாள் அம்மா.

“நிக்கட்டும்” என்றார், என்னை ஸ்டூலில்கூட ஏறவிடாத மனிதர்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். முட்டுகள் ஒவ்வொன்றாய் விழும் சத்தம் கேட்டது. கடைசி முட்டும் விழுந்தது. தலையில் கொஞ்சம் சிமெண்டுத் தூசி கொட்டியது. கண்ணைத் திறந்தால் தளம் அப்படியே நின்றது. அப்பாடா என்று ஓவென்று அழுதேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று கொத்தனார் தண்ணீர் கொண்டு வந்தார்.

போன மாதம் அப்பா நோய் நொடி இல்லாமல், தூக்கத்திலேயே, இதே தளத்தின் கீழ் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமயநல்லூரிலிருந்து அந்தக் கொத்தனார் வந்திருந்தார், தடி ஊன்றிக்கொண்டு. இனி யாரிடம் சொல்வது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பொக்கை வாயால் சிரித்தார். “அது ஐயாவுக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நீ மறந்த மொத நாளே கண்டுக்கிட்டாரு. மறுநாள்லருந்து விடியக்காலம் வந்து அவரே ஊத்திட்டு ஆபீஸ் போனாரு. வரப்பு கசியும்ல, நீ பாக்கையில வத்திருக்கும். அதுவும் பத்தாதுன்னுதான் ஒரு வாரம் கூட்டுனாரு.”

“என்னைய ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“நானும் கேட்டேன். ‘மொட்ட வெயில்ல புள்ளைய மாடிக்கு ஏத்துனது என் தப்பு. அவகிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்கண்ணே’ன்னாரு.”

மூன்று நாள் நான் சொன்ன பொய்யை அப்பா முப்பது வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது, அழுகையும் வந்தது.

அன்று முட்டு விழுந்தபோது என் கை வியர்த்து நசநசவென்றிருந்தது. அவர் கை காய்ந்தே இருந்தது. இன்ஜினியர் என்றால் பயமே இருக்காது போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.