பனிக்கட்டியில் நட்ட டயர் எந்திரம்

செவெல்மாவின் வலது தோள் அவளுடைய பன்னிரண்டாம் வயதில் விலகியது. ஒட்டகம் மிரண்டு கீழே தள்ளிவிட்டது. பக்கத்து முகாமிலிருந்து ஒரு பெரியவர் வந்து இழுத்துப் பொருத்தினார். பொருந்தியது என்றாலும் முழுசாக ஒட்டவில்லை. அதற்குப் பிறகு பால் வாளியைக்கூட அவள் இடது கையால்தான் தூக்கினாள்.

அந்தத் தோளை வைத்துக்கொண்டு ஒரு பெண் மோட்டார் டிப்போவில் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தாள் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பஞ்சர் ஒட்டத் தோள் வேண்டாம், விரல் போதும். ஷர்பூலாக் டிப்போவில் நூற்றுப் பதினைந்து லாரிகள் ஓடிய காலம் அது. சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றுவது ஆண்களின் வேலை. கழற்றி, ட்யூபை உருவி, ஒட்டு அறையின் ஜன்னல் வழியாக எறிவார்கள். அவள் ஓட்டையைத் தேடி, சுரண்டி, பதப்படுத்தாத பச்சை ரப்பரை வைத்து, சூட்டு அழுத்தியில் இறுக்கி, காலையில் வந்ததை மதியத்துக்குள் திருப்பி எறிவாள். குளிர்காலத்தில் ஊரிலேயே கதகதப்பான இடம் அந்த அறைதான். ஓட்டுநர்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளும் சாக்கில் வந்து உட்கார்ந்து, நூறு மைல் தள்ளி யார் வீட்டில் கல்யாணம், எந்த ஆற்றில் பனி விரிசல் விட்டிருக்கிறது என்று பேசுவார்கள். ஊரைத் தாண்டிப் போகாமலேயே மேற்கு மங்கோலியா முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அரசாங்கம் மாறியது. டிப்போ மூடியது. லாரிகளை ஓட்டுநர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவளுக்குச் சூட்டு அழுத்தியும் அரை மூட்டை பச்சை ரப்பரும் வந்தன. அவளும் தங்கை நோர்ஜ்மாவும் அவற்றை மாட்டுவண்டியில் ஏற்றி, ஊருக்கு மேற்கே பாலத்தடியில், மூன்று தடங்கள் சேரும் இடத்தில், சக்கரமில்லாத ஒரு லாரிப்பெட்டிக்குள் கடை போட்டார்கள். மின்சாரம் மாலையில் இரண்டு மணி நேரம்தான். அதனால் அழுத்தியைக் கரி அடுப்பில் சூடாக்கினாள். அதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் டயரைக் கழற்றுவதில் இருந்தது.

ரிம்மோடு துருப்பிடித்து ஒட்டிப்போன டயர் விளிம்பு சும்மா விடாது. ஆண்கள் சம்மட்டியால் அடிப்பார்கள். அல்லது சக்கரத்தைத் தரையில் கிடத்தி, இன்னொரு லாரியை அதன்மேல் ஏற்றி இறக்குவார்கள். செவெல்மாவுக்குச் சம்மட்டி ஓங்கத் தோள் இல்லை, ஏற்றி இறக்க லாரியும் இல்லை. கடப்பாரையைச் செருகி, முழங்காலால் அமுக்கி, அங்குலம் அங்குலமாகப் போராடுவாள்.

பதார்ச் என்று ஒரு ஓட்டுநர். ஊரிலேயே வாய் நீளமானவன். அவனுடைய ஜீப் சக்கரத்தோடு ஒருநாள் அவள் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினாள்.

"அக்கா, நீ கழட்டி முடிக்கிறதுக்குள்ள என் பொண்ணு பள்ளிக்கூடமே முடிச்சிடுவா போலிருக்கே!"

"உன் பொண்ணுக்கு என்ன வயசுடா?"

"இந்த இலையுதிர் காலம் வந்தா ரெண்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பதார்ச் பாதி கழன்ற சக்கரத்தைத் தூக்கி வண்டியில் போட்டு, "மனசுல வச்சுக்காதே அக்கா, ஊருக்குள்ள சம்மட்டி இருக்கு" என்று சொல்லிப் புறப்பட்டபோது அவள் லாரிப்பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழி கிடைத்தது தயிரில். ஆகஸ்டு மாதம், குளிர்காலத்துக்குத் தயிர்க்கட்டி பிழியும் வேலை. துணிப்பையில் தயிரைக் கட்டிப் பலகைக்கு அடியில் வைத்து, ஒரு நீளக் கழியின் ஒரு முனையை வண்டி அச்சுக்குக் கீழே கொடுத்திருந்தார்கள். கழியின் நடுப்பகுதி பலகைமேல் கிடந்தது. மறுமுனையில் நோர்ஜ்மா உட்கார்ந்து, சூடான உப்புப் பால் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து தண்ணீர் சரசரவென்று வழிந்தது.

செவெல்மா தங்கையையே பார்த்தாள்.

"என்னக்கா அப்படிப் பாக்கறே?"

"நீ கையை அசைச்சியா?"

"தேநீர் குடிக்கத்தான் அசைச்சேன்."

"தோளு வலிக்குதா?"

"உக்காந்திருக்கேன், தோளு எதுக்கு வலிக்கணும்? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

அன்று மாலையே செவெல்மா பழைய டிப்போவுக்கு நடந்தாள். வேலியே இல்லாத மைதானத்தில் உருப்படியானதை எல்லோரும் கொண்டுபோன பிறகு மிச்சம் கிடந்தது. உடைந்த லாரி ஒன்றின் அடிச்சட்டத்திலிருந்து இரண்டு இரும்புத் துண்டுகள். பின்சக்கர ஆக்ஸில் ஒன்று, முனை முறிந்தது. லாரியின் வில்பட்டை ஒன்று. ரஷ்ய நிலவியல்காரர்கள் மலையடிவாரத்தில் விட்டுப்போன, பூமியைத் துளைக்கும் துளைக்குழாய் ஒன்று, அவள் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஒவ்வொன்றாகச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்து வந்தாள். முழுசாக மூன்று வாரம் ஆயிற்று.

வெல்டிங்குக்குச் சோய்ஜில் அண்ணனிடம் போனாள். டிப்போவின் பழைய வெல்டர். மனைவி இறந்தபின் வோட்காவோடு குடித்தனம் நடத்தியவர். செவெல்மா தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினாள். கீழே குறுக்காக இரண்டு சட்டங்கள். நடுவில் ஆக்ஸில் கம்பம். அதில் சக்கரத்தை மாட்டலாம். ஓரத்தில் ஒரு குட்டைக் கம்பம்; அதில் கீல் வைத்துத் துளைக்குழாய். குழாயின் நடுவில், வில்பட்டையை வெட்டிச் செய்த ஒரு பாதம். குழாயின் நுனியை அமுக்கினால் பாதம் டயரின் விளிம்பை மிதிக்கும்.

சோய்ஜில் நெடுநேரம் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தா?"

"தயிரு."

"நான் குடிச்சிட்டுப் பேசினா ஊரு சிரிக்குது. நீ குடிக்காமலே பேசறியே" என்றார். ஆனால் படத்தை மிதித்து அழிக்காமல் அதைச் சுற்றி நடந்தார்.

"ஒரே ஒரு நிபந்தனைண்ணே. வெல்டிங் பிடிக்கிற அன்னிக்குக் குடிக்கக் கூடாது."

"மொத்தம் எத்தனை நாளு?"

"கரண்டு ரெண்டு மணி நேரம்தானே வருது. பத்து நாளாவது ஆகும்."

"பத்து நாளா!" என்று தலையில் கைவைத்தார் சோய்ஜில். பதினான்கு நாள் ஆயிற்று. பதினான்கு நாளும் முகம் கழுவி, சட்டைப் பொத்தான் போட்டு வந்தார். வந்ததும் தேநீர் கேட்பார். உப்பு போதாது என்பார். செவெல்மா இன்னொரு கை அள்ளிப் போடுவாள்.

முதல் நாள் வேலை பார்க்க ஊரே வந்திருந்தது. செவெல்மா குழாய் நுனியில் வயிற்றைக் கொடுத்துத் தொங்கினாள். 'பொத்' என்று விளிம்பு விட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு சக்கரத்தை நடுக்கம்பத்தில் மாட்டி, கம்பியை விளிம்புக்கு அடியில் செருகிச் சுற்றி நடந்தாள். டயர் கழல்வதற்குப் பதிலாகச் சட்டம், கம்பம், சக்கரம் எல்லாமே அவளோடு சேர்ந்து சுழன்றன.

பதார்ச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அக்கா, யாரு யாரைக் கழட்டுறீங்க?"

எந்திரத்தைத் தரையோடு பிணைக்க வேண்டும். சிமென்ட் அந்த வருஷம் மாகாணத்திலேயே கிடையாது. அக்டோபர் நடுவில் தரை இறுகுவதற்கு முன் அக்காளும் தங்கையும் முழங்கால் ஆழம் பள்ளம் தோண்டினார்கள். சட்டத்தை இறக்கி, ஆற்றுக் கற்களைப் போட்டு நிரப்பினார்கள். நவம்பரில் குளிர் இறங்கியதும் ஐந்து நாள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒவ்வொரு வாளியும் அடுத்த வாளி வருவதற்குள் உறைந்தது. ஆறாம் நாள் பதார்ச் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தான். கயிறு அறுந்தது.

அந்தக் குளிர்காலத்தைத்தான் பின்னாளில் அவள் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். எந்திரத்தில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர். லாரிப்பெட்டிக்குள் அடுப்பு சிவந்திருக்கும். மலைக்கணவாயைத் தாண்டி வருகிறவர்கள் முதலில் அவள் புகையைத்தான் பார்ப்பார்கள். டிப்போவின் ஒட்டு அறையில் உட்கார்ந்த அதே ஆட்கள், அதே பேச்சு. யாருக்கும் சம்பளம் இல்லை, கடையில் மாவு இல்லை. ஆனாலும் வந்தவர்கள் கையில் ஒரு துண்டு இறைச்சியோ அரைப் பை கரியோ இருந்தது. பதார்ச் வாரம் இரண்டு முறை வருவான். புதிதாக ஒரு கேலி சொல்லாமல் போகமாட்டான். "இந்தக் குழாய் உன் எடையைத் தாங்குதே, அதுக்கே பரிசு குடுக்கணும்" என்பான். சோய்ஜில் வேலை இல்லாத நாளிலும் வந்து, தானே போட்ட வெல்டிங் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, உப்பு போதாது என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஏப்ரல் வந்தது. தரை இளகியது. எந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த வசந்தத்தில் மாகாணமெங்கும் பழைய இரும்பு வாங்கும் ஆட்கள் சுற்றினார்கள். ஒருநாள் காலை அக்காளும் தங்கையும் ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போய்த் திரும்பினால் பள்ளத்தில் சேறும் கல்லும்தான் இருந்தன. லாரித் தடம் ஊர்ப்பக்கம் போயிருந்தது.

நோர்ஜ்மா அழுதாள். செவெல்மா வாளியை வைத்த கையோடு நடந்தாள். ஊர் எல்லையில் இரும்புக் குவியல் வீடு உயரத்துக்கு நின்றது. அதன் உச்சியில், கழுத்து முறிந்த கொக்கைப்போல அவளுடைய குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தலைநகரத்திலிருந்து வந்த வியாபாரி தோல்சட்டை போட்டிருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அம்மா, கொண்டுவந்து போட்டவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு எல்லாம் இரும்புதான். உன்னோடதுன்னு இதுல பேரு எழுதியிருக்கா?"

"எழுதல."

"அப்புறம்?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பக்கத்தில் வியாபாரியின் சரக்கு லாரி ஒரு பக்கம் ஜாக்கியில் நின்றது. அதன் சக்கரத்தைக் கிடத்தி, குவியலுக்கு முதுகைக் காட்டி ஒருவன் காலையிலிருந்து சம்மட்டியால் அடித்து, வியர்வை வழிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். பதார்ச். அந்த மாதம் வியாபாரிக்குத்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

பதார்ச் அவளைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், வியாபாரியையும் பார்த்தான். செவெல்மா அவனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. வேலைக்கு ஆள் கிடைக்கிற காலம், வேலை கிடைக்காத காலம்.

சம்மட்டியைக் கீழே போட்டான். "முதலாளி, அது அவங்களோடதுதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குளிர்காலம் முச்சூடும் அதைப் பாத்துச் சிரிச்சவன் நான். எனக்குத் தெரியாதா? இறக்குங்க. காலையிலேருந்து நான் அடிக்கிற டயரை அவங்க கழட்டட்டும். கழட்டலேன்னா உங்க இரும்பு, நீங்களே வச்சுக்கங்க."

இறக்கினார்கள். பிணைக்க இறுகிய தரை இல்லை. அதனால் பதார்ச் மூன்று கூலியாட்களைக் கூப்பிட்டான்; அவனும் சேர்ந்து நால்வரும் சட்டத்தின் நாலு முனையிலும் ஆளுக்கொருவராக ஏறி நின்றார்கள். தலைநகரத்துப் பெரிய லாரியின் சக்கரம், இவ்வளவு பெரியதை அவள் அதில் வைத்ததே இல்லை. பாதத்தை விளிம்பில் பொருத்தி, குழாயில் தொங்கினாள். அசையவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்துத் தொங்கினாள். துரு உதிர்ந்தது. மூன்றாவது முறை தொங்கியபோது விலகிய தோள் நெருப்பாய் எரிந்தது.

"அக்கா, காலைத் தூக்கு!" என்று கத்தினான் பதார்ச். "தரையை விடு! முழு எடையையும் குடு! இன்னிக்குத்தான் உன் எடையால எனக்கு லாபம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் தூக்கினாள். விளிம்பு 'பொத்'தென்று விட்டது.

வியாபாரி குனிந்து, கழன்ற விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "என்கிட்ட இன்னும் ஆறு சக்கரம் இருக்கு. எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்றார். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் பதார்ச் அதே லாரியில் எந்திரத்தை ஏற்றி, பாலத்தடியில் இறக்கினான். கூடவே நாலு மூட்டை சிமென்டும் இறங்கியது. கூடவே நாலு மூட்டை சிமென்டும் இறங்கியது.

அந்தச் சிமென்டில் எந்திரம் பதினேழு வருஷம் நின்றது. நடுவில் குழாய் ஒருமுறை மாறியது, பாதம் நாலுமுறை. ஒவ்வொரு தடவையும் சோய்ஜில்தான் வெல்டிங் பிடித்தார். இருவருக்கும் ஊர் எத்தனையோ முறை கல்யாணம் பேசி முடித்தது. அவர்கள் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் முற்றாகக் குடியை விட்டார் என்று சொன்னால் பொய். அவளுடைய வேலை இருக்கும் நாளில் விட்டார். கடைசி வருஷங்களில், வலுவாக இருந்த வெல்டிங்கையும் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிப் பிடிக்க வந்தார். செவெல்மா மறுக்கவில்லை. ஒரு பிப்ரவரியில் அவர் நெஞ்சுவலியில் போனார். அடுத்த வாரம் தேநீர் போடும்போது அவள் கை தானாக இரண்டாம் முறை உப்பை அள்ளியது. நோர்ஜ்மா அதை அப்படியே குடித்தாள்.

பிறகு தார்ச்சாலை வந்தது. பாலத்தை விட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளி நேராகப் போயிற்று. வருகிற புகை, தூசி, ஹாரன் எல்லாம் அதோடு போயின. தங்கை மகள் தலைநகரத்தில் வேலையாக இருந்தாள், இருவரையும் கூப்பிட்டுக்கொண்டாள். எந்திரத்தைச் சிமென்டோடு பெயர்த்துப் பதார்ச் தன் ஆட்டு முகாமுக்குக் கொண்டுபோனான். அவன் பெண் பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணமாகி, கையில் குழந்தையோடு அன்றைக்கு வழியனுப்ப வந்திருந்தாள்.

இப்போது செவெல்மா ஏழாம் மாடியில் இருக்கிறாள். கதகதப்புக்குக் குறைவில்லை. ஆனால் அக்டோபர் பிறந்து, குளிர்கால டயர் மாட்ட ஊரே அலைமோதும் நாட்களில் அவளால் வீட்டில் இருக்க முடியாது. கீழே தெருமுனையில் ஒரு டயர் கடை. காற்றழுத்தத்தில் ஓடும் எந்திரம், மிதியை அமுக்கினால் போதும், ஒரு சக்கரத்துக்கு ஒரு நிமிஷம். அங்கே காத்திருப்பவர்களுக்குப் போட்ட பெஞ்சில் போய் உட்காருகிறாள். ஓட்டுநர்கள் வரிசைக்குச் சண்டை போடுகிறார்கள். எந்தக் கணவாயில் பனி விழுந்திருக்கிறது என்று பேசுகிறார்கள். ரப்பர் வாசனை வருகிறது.

கடைக்காரன் வேலை மும்முரத்தில் ஒருநாள் அவளைக் கவனித்தான்.

"பெரியம்மா, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களே. எது உங்க வண்டி?"

"பின்னாடி வருது, தம்பி" என்றாள் செவெல்மா. "நீ மத்தவங்களைப் பாரு. எனக்கு அவசரமில்லே."