நான்கு முறை அடித்த மெரூன் பெயிண்ட்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தோம். என் மனைவி பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகவேண்டாம் என்று கியர் இல்லாத சின்ன வண்டி ஒன்றை வாங்கினோம். மெரூன் நிறம், உடம்பெல்லாம் பிளாஸ்டிக். ஐந்து மாதம் ஓட்டினாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு ஒரு தண்ணி லாரியவே முந்திட்டேன்" என்பாள்.

பிறகு ஒரு நாள் திருப்பத்தில் மணலில் சறுக்கி விழுந்தாள். முழங்கால் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. வண்டியின் இடது சைடு பேனலில் நான்கு கீறல்கள், நீளமானது ஒன்பது அங்குலம். அவள் பஸ்ஸுக்குத் திரும்பினாள். "வித்துடுங்க" என்றாள். கீழ்வீட்டுக்காரர் கல்லூரியில் சேர்ந்திருந்த தன் மகளுக்கு வேண்டுமென்று உடனே கேட்டார். கீறலைச் சரிசெய்து தருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன்.

ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வைத்துவிட்டுப் பேனலைக் கழற்றினேன். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும் என்பதால் சோப்புத் தண்ணீரில்தான் கழுவினேன். கீறல்களில் பட்டி பூசி, காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். சொரசொரப்பானது முதலில், மிருதுவானது கடைசியில். பிரைமருக்குப் பிறகு, புதிதாக வாங்கிய கொசுமருந்து பம்பில் பெயிண்டை ஊற்றி மொட்டைமாடியில் அடித்தேன். ஐப்பசி மாதம். காற்றின் ஈரத்தில் பெயிண்ட் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்காரர் வந்தார். "இன்னா அண்ணாத்தே, ரெடியா?"

"வெளுத்துப்போச்சு. திரும்ப அடிக்கணும்."

"சரி, அடுத்த வாரம் வர்றேன்" என்று அவர் போனபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டாவது முறை அடித்ததில் கடுகளவு தூசி ஒன்று ஒட்டியிருந்தது. லேசாகத் தேய்த்திருந்தால் போயிருக்கும். நான் பேனல் முழுவதையும் தேய்த்தேன். அன்றாடம் எழுதும் நோட்டில் 'தூசி அதிகம்' என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

"அப்பளமா காய வெக்கிறே?" என்றார் கீழ்வீட்டுக்காரர். "கதவுக்கு அடிச்சாலே ரெண்டு நாள்தான் ஆவும். எம்பொண்ணு டெய்லி கேட்டுகினே கீது."

மூன்றாவது முறை கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை வாட்டர் பேப்பரை நனைத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, பேனலின் நடுவில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். துணி காயப்போட வந்த மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தானே வந்திருந்துச்சு? ஏன் மறுபடியும் தேய்க்கிறீங்க?"

"ஓரத்துல கொஞ்சம் திட்டுத் திட்டா..."

"எங்க, காட்டுங்க."

காட்ட எதுவும் இல்லை. அவள் பேனலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"விக்க வேணாம்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எனக்காக ஓட்டுவே. அது வேணாம்னுதான்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த மணல் சர்ருனு இழுத்த சத்தம் இன்னும் காதுலயே இருக்குங்க" என்றாள். விழுந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவள் பேசியதில்லை. நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி, எழுப்பிவிட்ட பூக்காரம்மா, ஓடிப்போய் உருண்ட டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். துணிகள் வாளியிலேயே கிடந்தன.

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. நான்காவது முறையாக அடித்துக்கொண்டிருந்தபோது கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் இஞ்சின் அப்பட்டமாகத் தெரிய, அவள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, வண்டி சட்டையில்லாம கீது?" கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"தோச்சு மாடில காயப் போட்டிருக்குண்ணா!"

"அப்போ நம்ம பொண்ணுக்கு இல்லியா?"

"இல்லண்ணா. கோச்சிக்காதீங்க."

"நான் இன்னாத்துக்குக் கோச்சிக்கிறேன்? எம்பொண்ணுதான் கோச்சிக்கும். பாத்து ஓட்டு, அந்தாண்ட மணலு கீது."

இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டே கேட் வரை போனாள். அங்கே ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் திரும்பினாள். பதினொரு நிமிடம் பம்பைக் கையில் பிடித்தபடி கைப்பிடிச் சுவரருகே நின்றேன்.

திரும்பி வந்ததும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து பேனலைப் பார்த்தாள். "திங்கக்கிழமைக்குள்ள காஞ்சிடுமா?"

"நாளைக்கே காஞ்சிடும்" என்றேன்.