கண் வெட்டிய துணி

கொச்சங்காடியில் லதீஃபா இத்தாவுக்கு இரண்டு தொழில். உயிரோடு இருக்கிறவர்களுக்குத் துணி தைப்பது ஒன்று. இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டி, அடக்கத்துக்கான கபன் துணி வெட்டி, உடுத்தி அனுப்புவது இன்னொன்று. முதல் தொழிலில் அவளோடு சண்டை போடாத வீடு மட்டாஞ்சேரியில் கிடையாது. ரவிக்கை இறுக்குகிறது, பாவாடை ஏறிவிட்டது என்று யாராவது வாசலில் நின்றுகொண்டே இருப்பார்கள். "நீ பெருத்ததுக்கு என் கத்திரி எந்தா செய்யும்?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

இரண்டாவது தொழிலில் மட்டும் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. வாய்ச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட பெண்கள்கூடப் படுக்கையில் விழுந்ததும், "என்னை லதீஃபாதான் குளிப்பாட்டணும்" என்று மக்களிடம் சொல்லி வைப்பார்கள். கணவர் தூத்துக்குடிப் பக்கம் உப்பு லாரியில் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, இந்தத் தெருவில் அவள் தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஒரு நம்பிக்கையில்தான். நான் அவளுக்கு அடுத்த வீடு. நடுவில் பலகைத் தட்டிதான் சுவர். ஆகவே அவளாகச் சொல்லி எனக்குத் தெரிந்ததும் உண்டு, சொல்லாமலே காதில் விழுந்ததும் உண்டு.

எண்பத்தொன்றாம் வருஷம் அக்டோபரில் மரியம் வந்து நின்றாள். மிளகு மொத்த வியாபாரம் செய்த சலாவுதீன் ஹாஜியாரின் பேத்தி. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். ஹாஜியாருக்கு வயதாகிவிட்டதென்று அவள் வாப்பா ஜாபர் சாதிக் கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, முந்தின வருஷம்தான் குடும்பத்தோடு ஊர் திரும்பியிருந்தார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம்.

"இத்தா, எனக்குப் பேய் வேணும்" என்றாள்.

"பேயா? இந்தத் தெருவிலே வேணுங்கிற அளவு உண்டு மோளே. எதை வேணும்னு பேரைச் சொல்லு."

மரியம் ஒரு பத்திரிகையை விரித்துக் காட்டினாள். அக்டோபர் கடைசி நாள் அங்கே பிள்ளைகள் பேய்வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்களாம். வீட்டையும் பேய்வீடுபோல ஜோடிப்பார்களாம். இந்த வருஷம் தன் வீட்டுக்குப் பள்ளித் தோழிகளைக் கூப்பிட்டிருக்கிறாள். சிரித்த பிள்ளைகளெல்லாம் வருகிறார்கள். ஹாஜியார் கல்யாணத்துக்கு ஆலுவா போகிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், அதனால் வாப்பா சம்மதித்துவிட்டார்.

மய்யித்தோடு, உயிர் போன உடம்போடு, பழகியவளுக்குப் பேயைக் கண்டு என்ன பயம்? லதீஃபா இத்தா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். உடைந்த குடைகளின் கம்பியை மடக்கி, கறுப்புச் சீலையைக் கத்தரித்து வௌவால் செய்தாள். அந்த வாரம் என் வீட்டுக் குடையும் கேட்பாரில்லாமல் வௌவாலாகிப் போனது. கப்பை என்கிற மரவள்ளித் தண்டைத் துண்டு போட்டுச் சுண்ணாம்பு பூசினாள். கணுக்கணுவாக இருந்ததால் அசல் எலும்பேதான். சாக்குச் சணலைப் பிரித்துச் சிலந்தி வலை. பழைய காலுறையில் உமி அடைத்து, வெட்டிப்போட்ட கைகள். பரங்கிக்காய்தான், இங்கே மத்தங்காய் என்பார்கள், ஒரு பெரியதைக் குடைந்து பல் வைத்தபோது என் வீட்டுக் கத்தியும் முறிந்தது. நான் முணுமுணுத்தேன். அவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே இல்லை. சின்னப் பிள்ளைபோல உற்சாகமாக இருந்தாள், எனக்கே பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

விருந்து சனிக்கிழமை சாயங்காலம். அன்று காலை மரியம் ஒரு மூட்டை வெள்ளைத் துணி கொண்டுவந்து போட்டாள். பழைய படுக்கை விரிப்புகள், தலைவழியே போர்த்திக்கொள்ளக் கண் வெட்டித் தர வேண்டும் என்றாள். மழை மூட்டம் போட்டு அறை இருட்டாக இருந்தது. அவசரம் வேறு. லதீஃபா இத்தா ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, கத்திரியால் இரண்டிரண்டு ஓட்டை போட்டுத் தள்ளினாள். கடைசியாக ஒரே மாதிரி இரண்டு துணி இருந்தது. ஒன்றை வெட்டினாள். மற்றதை மாடிப்படியில் தொங்கவிடலாமென்று அப்படியே வைத்தாள்.

மத்தியானம் சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்துத் தேய்த்தாள். மற்றத் துணிகளில் சோப்பு வாசம் வந்தது. கடைசியாகக் கண் வெட்டிய துணியில் சூடு பட்டதும் கற்பூர வாசம் எழுந்தது.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள். அந்த வாசத்தை அவளைவிட நன்றாக யார் அறிவார்? துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். மடித்துத் தைத்த ஓரமே இல்லை. ஊசி படாத துணி. ஹஜ்ஜில் ஹாஜியார் உடுத்திய, தையலில்லாத இஹ்ராம் துணி இரண்டும் அவளுக்கு முன்னால் கிடந்தன. அங்கேயே ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, காய வைத்து, கற்பூரம் போட்டு, கபனுக்கென்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். அந்தத் துணியில்தான் தன்னை அடக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் இப்போது பேய் பார்ப்பதற்கு இரண்டு கண்.

தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு அழுகைச் சத்தம் கேட்கவில்லை, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. இழை ஓட்டி மூடலாமென்றால், கபன் துணியில் ஊசி ஏற்றும் வழக்கம் அவளுக்கு இல்லை. வேறு துணி வாங்கி வைக்கலாமென்றால், மக்காவில் அந்த மனிதர் உடுத்தி நின்ற துணியை எந்தக் கடையில் கேட்பது? ஹாஜியாரின் கபனிலேயே லதீஃபா கத்திரி வைத்தாள் என்று தெரிந்தால், நாளைக்கு எந்த வீட்டில் அவளை மய்யித்துப் பக்கம் விடுவார்கள்?

சாயங்காலம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். கூடத்தில் வௌவால்களைக் கட்டிக்கொண்டிருந்த மரியத்தைத் தனியே கூப்பிட்டு, இந்த இரண்டு துணியும் எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"உப்பாவோட கட்டிலுக்கு அடியிலே பெட்டியிலே. யாரும் எடுக்கிறதே இல்லை. ஏன் இத்தா?" தாத்தாவை அவள் உப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒண்ணுமில்லை மோளே. இது கனம் கூடுதல், பேய்க்குச் சரிவராது. நான் திரும்ப வைக்கிறேன்."

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மழையும் வந்தது, கரண்டும் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மத்தங்காய் பல்லைக் காட்டிச் சிரிக்க, விரிப்பைப் போர்த்திய பேய்கள் கூச்சல் போட்டன. யாரும் பார்க்காதபோது லதீஃபா இத்தா மாடி ஏறினாள். ஹாஜியார் அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, முழுத் துணியை உள்ளே வைத்தாள். வெட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வைத்தால் ஓட்டையைப் பார்ப்பார். எடுத்துப் போனால் துணி எங்கே என்பார். இரண்டு தடவை வைத்தாள், இரண்டு தடவையும் எடுத்தாள்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஜாபர் சாதிக்கின் குரல் கேட்டது.

"வாப்பா, நாளைக்கல்லே வர்றதாச் சொன்னீங்க?"

"அங்கே ஆளும் பேருமா ஒரே சத்தம். காய்ச்சல் மாதிரி இருந்துச்சு, வந்துட்டேன்" என்றார் ஹாஜியார்.

பெட்டியைத் தள்ளிவிட்டு, துணியை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி அவள் படி இறங்கினாள். பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்பது எண்ணம். கடைசிப் படிக்கு வந்தபோது ஹாஜியார் கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கையில் அவர் கபன். எதிரில் அவர். மறைக்க வேறு வழி தெரியாமல் அவள் அந்தத் துணியையே தலைவழியே போட்டுக்கொண்டு பேய்களோடு பேயாக நின்றாள். புத்தி எங்கே போயிற்று என்று பின்னால் நான் திட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் நீ நின்று பார் என்றாள்.

"பிள்ளைகளோட விளையாட்டு வாப்பா" என்று ஜாபர் சாதிக் தயங்கியபடி சொன்னார்.

ஹாஜியாருக்குக் கோபம் வரவில்லை. குடையை மகனிடம் கொடுத்துவிட்டுப் பேய்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பூப்போட்ட கரை வைத்த விரிப்பு ஒன்று, நீலக் கோடு போட்டது ஒன்று. ஒரு பேயின் தலையில் லேசாகத் தட்டினார். படி அருகே வந்ததும் நின்றுவிட்டார். ஈரக் காற்றில் கற்பூர வாசம் தூக்கலாக இருந்திருக்க வேண்டும்.

தான் வெட்டிய இரண்டு ஓட்டை வழியாக லதீஃபா இத்தா அவர் முகத்தைப் பார்த்தாள். ஊருக்கே அதட்டல் போடுகிறவரின் உதடு நடுங்கியது. அவர் விளையாட்டைப் பார்க்கவில்லை. தன் கபன் தன்னைத் தேடி எழுந்து வந்து நிற்பதாக நினைத்துவிட்டார். பிள்ளைகளின் கூச்சல் மெல்ல அடங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் ஹாஜியார், அந்தத் துணியைப் பார்த்து, மிகவும் மரியாதையாக.

சலாம் சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது கடமை. பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும், அதோடு அவள் பிழைப்பும் பேரும் போயிற்று. பேசாமல் நின்றால் இருட்டில் யாரோ ஒரு பிள்ளை என்று ஆகிவிடலாம், பின்வாசலுக்கு நாலு எட்டுதான். அவர் கை சுவரைத் தேடியது. கிடைக்கவில்லை. இந்த மனிதர் இப்படியே விழுந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம், ஹாஜியாரே. நான் தையல்கார லதீஃபாவாக்கும். பேடிக்க வேண்டாம், இது வெறும் நான்தான்."

துணியை இழுத்துவிட்டாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் வேர்த்து நின்றாள். "தெரியாமல் வெட்டிட்டேன். நானே வெட்டினேன்" என்று மட்டும் சொன்னாள். மரியத்தின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

ஜாபர் சாதிக் ஓடிவந்து நாற்காலி போட்டார். ஹாஜியார் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு கையை நீட்டினார். அவள் கபன் மடிக்கிற விதத்தில் மடித்துக் கொடுத்தாள். அவர் அதைப் பிரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளைங்களுக்குச் சாயா கொடு, சாதிக்" என்று சொல்லிவிட்டுத் துணியோடு மாடிக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் பேசாமல் போனதுதான் அவளை அரித்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல்வார், ஜமாஅத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தாள். வாய்ச் சண்டை நின்றுவிட்டது. ரவிக்கை இறுக்கம் என்று யாராவது வந்தால் பேசாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் மௌத்தானபோது காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கூப்பிட ஆள் வந்தது. அப்படியானால் ஹாஜியார் இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்வார் என்பதுதான் தெரியவில்லை. தெருவில் அவரை எதிரே கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

மறு வருஷம் கர்க்கடக மாதத்து மழையில் ஹாஜியார் மௌத்தானார். செய்தி கேட்டதும் லதீஃபா இத்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். குளிப்பாட்டுகிற ஆண்கள் பெட்டியைத் திறப்பார்கள், துணியை விரிப்பார்கள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

சற்று நேரத்தில் ஜாபர் சாதிக் குடைகூடப் பிடிக்காமல் அவள் வாசலில் வந்து நின்றார். கையில் புதிதாக வாங்கிய வெள்ளைத் துணி. நான் தட்டிக்கு இந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஆம்பளைக்குக் கபன் மூணு துணியல்லே இத்தா" என்றார். "வாப்பாகிட்டே ரெண்டுதான் உண்டு. ஓட்டை போட்டது உள்ளே போகட்டும், மற்றது நடுவிலே, ரெண்டையும் வேற யார் கண்ணிலேயும் படாம, மகன் நீயே உன் கையாலே சுத்துன்னு எங்கிட்டே சொல்லி வச்சிருக்கார். வெளித்துணி லதீஃபா வெட்டினதாத்தான் இருக்கணுமாம். எல்லாரும் பார்க்கிறது அதைத்தானே, லதீஃபா வெட்டினதுன்னு பள்ளியிலே சொல்லிட்டுப் போடுன்னார்."

லதீஃபா இத்தா அவரையே பார்த்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லச் சொன்னார்" என்று ஜாபர் சாதிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதிலே கண்ணு வைக்க வேண்டாமாம்."

அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. எனக்கும் இங்கே கண் நிறைந்துவிட்டது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நனைஞ்ச கையோட துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே, உனக்கு எத்தனை வயசாச்சு? இங்கே கொண்டா" என்று அதட்டித் துணியை வாங்கி மடியில் விரித்தாள்.