நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு டப்பா

"என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கிடைக்கறத" என்றார் லாரி டிரைவர்.

"எப்போ?"

"வண்டி நிக்கும்போது."

"வண்டி எப்போ நிக்கும்?"

"டீசல் தீரும்போது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மகளுக்கு அப்பாவின் தொடையைக் கிள்ளலாம்போல் இருந்தது.

"சர்க்கரை இந்த அளவுல இருந்தா லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபாரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாப்பது நாள் டைம். மாத்திரையை விடாதீங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா சாப்பிடுங்க. எண்ணெயில பொரிச்சது, பாட்டில் கூல்டிரிங்ஸ் ரெண்டும் வேண்டாம். சாப்பிட்டதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. புரிஞ்சுதா?"

அப்பா கூரையைப் பார்த்து, உதட்டுக்குள்ளேயே எதையோ பெருக்கிக் கணக்குப் போட்டார். "புரிஞ்சுது சார்" என்றார்.

என்ன புரிந்தது என்று அங்கேயே கேட்டுத் தொலைத்திருக்கலாம். மகள் பிற்பாடு பலமுறை அப்படி நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாடிக்கையாளர் தலைவலியோடு திரும்பி வந்து நிற்பார். அந்தக் கறாரை அப்படியே சமையலறைக்குள் கொண்டுவந்தாள். இரண்டு நாள் பயணத்துக்குப் பத்து டப்பா. முதல் நாளுக்கு அவித்த முட்டையும் பயறும், இரண்டாம் நாளுக்குக் கெட்டுப்போகாத வறுகடலையும் ஆப்பிளும். எல்லாவற்றிலும் வெள்ளரியும் கேரட்டும்.

"லாரி ஓட்டப் போறது மனுஷனா, முயலா?" என்று கேட்டாள் அம்மா. அப்பா வாயைத் திறக்காமல் டப்பாக்களை எடுத்துப்போய் சீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். அந்தச் சமர்த்தைப் பார்த்தே மகள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தாள். '312, முட்டை. 462, பயறு. 612, வெள்ளரி (பாதி).'

"அப்பா! அறுநூத்திப் பன்னிரண்டா? சுகரா இது? எப்படிப்பா உயிரோட வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?"

"சுகரா? மீட்டர்ம்மா, கிலோமீட்டர். மூணு மணி நேரம்னா நூத்தம்பது கிலோமீட்டர். கணக்கு சரிதானே?"

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். லாரி ஷெட்டில் அவருக்கு 'மைல்கல்' என்று பட்டப்பெயர். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால் "ரெண்டு இன்ஜின் மாத்தியாச்சு" என்பார். மகள் பிறந்தது அவருக்கு எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில். இப்படிப்பட்டவரிடம் மணிக்கணக்கு சொல்லிவிட்டு வந்த டாக்டரை நொந்துகொள்வதா, பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த தன்னையா?

"சமவெளி சரி. மலையில நூத்தம்பது கிலோமீட்டர் போக எவ்வளவு நேரமாகும்?"

"ஏழு மணி நேரம். லோடு இருந்தா எட்டு."

"அதுவரைக்கும்?"

அப்பா மேசையின் ஓரத்தைத் துடைத்தார். "கை கொஞ்சம் நடுங்குச்சு. வேர்த்துச்சு. ஓரங்கட்டி, பெட்டிக்கடையில ரெண்டு பாட்டில் கூல்டிரிங்ஸ் குடிச்சேன், சரியாப்போச்சு."

"டப்பா முதுகுக்குப் பின்னாலதானே இருந்துச்சு!"

"மீட்டர் வரலையேம்மா. இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர் பாக்கி."

அவள் நோட்டில் மலைப் பயணத்தை எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டினாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "அந்த மலைப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடட்டுமா? டாக்டர் பார்த்தா கையெழுத்துப் போட மாட்டார். எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு."

"கையெழுத்து கிடைச்சு, வண்டி பள்ளத்துல கிடந்தா யாருக்குப்பா லாபம்?"

நோட்டைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் கொண்டுபோய்க் காட்ட, டாக்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மாத்திரையின் அளவை மாற்றினார். "பசியோட ஓட்டினா நானே லைசென்ஸைப் பிடுங்கிடுவேன்னு சொல்லுங்க" என்றார்.

அடுத்த பயணத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிக்கும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டாள். அதுவும் உருப்படவில்லை. "பின்னால யாரோ புது ஹாரன் வெச்சுட்டு வர்றான்னு நெனச்சு ரெண்டு தடவை வழி விட்டேன்" என்று வந்து நின்றார். மூன்றாம் தடவை அது கடிகாரம்தான் என்று தெரிந்தபோது, வண்டி வளைவில் இருந்தது. நிறுத்தவும் முடியாது, டப்பாவைத் தொடவும் முடியாது.

கெடுவில் பத்தொன்பது நாள் மிச்சம். மூன்றாவது பயணத்துக்கு அவள் கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. அப்பா ஒரு மார்க்கர் பேனாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மணியும் வேணாம், கிலோமீட்டரும் வேணாம். நான் ரோட்டைச் சொல்லிட்டே வரேன். எங்க எவ்வளவு நேரமாகும்னு கேட்டு நீ கணக்குப் போடு. ஒவ்வொரு டப்பா மேலயும் இடத்தை எழுது. பெரிய பாலம், எடை மேடை, ரயில்வே கேட்னு. அந்த இடம் வந்தா நான் தானா நிறுத்திடுவேன், கை பழகின ரோடு. ஆனா மலையில ஏழாவது வளைவுன்னு மட்டும் எழுதிடாதம்மா, அங்க வண்டியை ஓரங்கட்ட இடமே கிடையாது."