காலி பிரிட்ஜின் வெளிச்சம்

விற்காத இட்லி மாவுப் பாக்கெட்டுகளைத் துண்டில் சுற்றி, சொந்தக் கடையிலிருந்து சொந்த வீட்டுக்குத் திருடன் போல மாடியேறியவன் நான். திண்டுக்கல்லில் எனக்குப் படித்தவன் என்று ஒரு பெயர் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். பொறாமையால் அழிந்தவர்களின் கதை மட்டும் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

எங்களுக்கு மாவு தருபவர் பேகம்பூர் பாய். அவரிடம் கிரைண்டர்கள் குறைவு. வாங்கும் கடைகள் ஐந்து. மாவு சோப்பு இல்லையே, அடுக்கி வைத்து அடுத்த மாதம் விற்பதற்கு. மிஞ்சினால் புளிக்கும், குறைந்தால் வாடிக்கை போய்விடும். அதனால் பாய் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தினமும் காலையில் ஒவ்வொரு கடைக்காரரும் பிரிட்ஜைத் திறந்து படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதைப் பார்த்து அரிசியை ஊறப்போடுவார். சாயங்காலம் ஆட்டி, மறுநாள் விடியலில் மாவு வந்துவிடும். யாருக்கு எத்தனை பாக்கெட் என்பது அவருக்கும் அந்தந்தக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

எதிர்க்கடைக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர். எதற்கெடுத்தாலும் ‘ங்க’ போடுவார். அந்த மரியாதையே எனக்கு எரியும். அவருடைய படத்தில் பிரிட்ஜ் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருக்கும். உள்ளே பல்பு மட்டும் தனியாகப் பிரகாசிக்கும். அதற்குக் கீழே பாய் ‘மாஷா அல்லாஹ்’ என்று போடுவார். என் பிரிட்ஜில் எப்போதும் ஒரு வரிசை மிச்சம் நிற்கும். எனக்கு ஒரு கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அந்தப் பக்கம் நின்று பேசினால் போதும், அவர் என்ன வாங்குகிறார் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் தீப்பெட்டி. அதுவும் வலித்தது.

இந்த நேரத்தில்தான் பாய் வந்து சொன்னார். “சார், ஆப்ப மாவு போடப் போறேன். இந்தத் தெருவுக்கு ஒரே கடைதான். கண்ணாடிக் கதவு வச்ச பிரிட்ஜும் நானே குடுத்துர்றேன். ரெண்டு வாரம் படத்தப் பாத்துட்டு யாருன்னு சொல்றேன்.”

எங்கள் தெருவில் பாதி வேதக்காரக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆப்பமும் கறிக்குழம்பும் தேடுகிற சனம். அந்த வியாபாரம் எதிர்ப்பக்கம் போவதை நினைத்ததும் துண்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை என் பிரிட்ஜும் காலி. படம் போட்டேன். ‘மாஷா அல்லாஹ்’ வந்தது. எனக்கு ஏதோ பட்டம் கிடைத்ததுபோல் இருந்தது. பாய் கணக்குப்படி எனக்கு மாவு போதவில்லை, கூடுதலாக அனுப்பினார். விற்பது பழைய அளவுதான். அதனால் மாடிக்குப் போவது கூடியது. படத்தில் மறுபடியும் காலி பிரிட்ஜைப் பார்த்த பாய் இன்னும் கூட்டினார்.

வீட்டில் காலை இட்லி, மத்தியானம் தோசை, ராத்திரி இன்னொரு பெயரில் அதே மாவு. என் மனைவி டீச்சர். முதல் வாரம் பொறுமையாகத்தான் இருந்தாள்.

“ஏங்க, ஆஸ்பத்திரில கூட இம்புட்டு இட்லி போட மாட்டாங்க. எனக்கு என்ன சீக்குன்னு சொல்லிட்டாவது போடுங்க.”

இரண்டாவது ஞாயிறு, முதல் பூசை முடிந்த நேரம். எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

“ஏனுங்க சார், ரெண்டு பாக்கெட் மாவு இருந்தாக் குடுங்க. பாய் இந்த வாரம் எனக்குக் கொறச்சுட்டாருங்க. சனம் திரும்பிப் போகுதுங்க.”

அவருக்கு மாவு இல்லை. எவ்வளவு இனிமையான வாக்கியம்! அவர் பங்கில் குறைந்ததுதான் என் மாடியில் இருக்கிறது என்பது அப்போதே புரிந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

“எனக்கும் இல்லையே. வந்ததும் பறந்துருது” என்றேன், சும்மா இருக்காமல்.

மேலே இருந்து மனைவியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. “ஏங்க! அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சு வச்ச மாவெல்லாம் பொங்கி வெடிச்சுருச்சு! மேல வாங்க, வழுக்குது!”

எதிர்க்கடைக்காரர் மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பரவாயில்லீங்க சார், ஊத்தப்பத்துக்கு ஆகுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் பாய் வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆப்ப மாவு எதிர்க்கடைக்கு என்று முடிவு செய்துவிட்டார். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

“காலி பண்றதுதான் பெருசுன்னா அவரு ராஜாதான், பாய்.”

“என்ன சார் நீங்க. அவரு எடுக்கிறதே நீங்க எடுக்கிறதுல பாதி. காலியாகாம என்ன செய்யும்? எப்பவும் கூட விக்கிறது நீங்கதான்.”

“அப்ப எனக்குல்ல குடுக்கணும்?”

“குடுக்கத்தான் இருந்தேன். இனிமே ஒங்க படத்தப் பாத்து நான் எப்படி சார் அரிசி ஊறப்போடுவேன்?”

இப்போது எதிரே கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் நிற்கிறது. விளக்குப் போட்டால் என் கல்லா வரை வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறேன் என்பது கூடுதல் அவமானம். ஞாயிறு காலை வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணாமல் இருக்கப் பழகுகிறேன். இன்னும் பழகவில்லை.

ஒருநாள் மனம் தாங்காமல் மனைவியிடம் கேட்டேன். “அந்த ஆளு அங்கேருந்து என்னயப் பாத்துப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருப்பாருல்ல?”

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

“அவரு எதுக்கு ஒங்களப் பாக்கப் போறாரு? அவருக்குக் கடையில வேல இருக்குல்ல.”