யாரும் சொல்லாமலே அடங்கும் புரதம்

மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல் அறிவிப்புப் பலகைக்கு. அமாவாசை, 1986.

இன்று செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ். காலரா பாடத்தைக் கையில் பிடித்தபடி, நசுங்கி நின்றேன்.

கடைசி சீட்டிலிருந்து ஓர் அம்மா, "வாந்தி வருது, நிறுத்தச் சொல்லுங்க!" என்றார்.

ஆளுக்கு ஆள் தோளைத் தட்ட, செய்தி முன்னால் போனது. டிரைவர் பக்கத்தில் நின்றவர் இன்ஜின் மூடியைப் படபடவென்று தட்டினார். பஸ் நின்றது.

அந்த அம்மா இறங்கி, திரும்ப ஏறியும்விட்டார். மூடியைத் தட்டியவரோ தட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னாய்யா, போவலாமா வாணாமா?" என்றார் டிரைவர்.

"நிறுத்தச் சொல்லி எனக்கு யாரும் சொல்லலியே!" என்றார் தட்டியவர்.

என் பாடமும் இதேதான். இந்த வகை ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே தொட்டதோடு சரி. உள்ளே ஒட்டி நிற்கும் மூன்று புரதங்களில் ஒன்று பிரிந்துபோய்ச் செய்தி சொல்கிறது. சில நொடிகளில் தானே அடங்கி, மற்ற இரண்டோடு சேர்ந்துகொள்கிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை!

காலரா விஷம் அதை அடங்க விடுவதில்லை, பஸ்ஸில் தட்டியவர் மாதிரி ஆக்கிவிடுகிறது. குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் இறங்க வேண்டிய ஊர் எப்போதோ போய்விட்டிருந்தது.

கீழே இடம் விட்டிருக்கிறேன், உங்கள் கருத்தை எழுதுங்கள். எங்கே நிறுத்துவதென்று புரதத்துக்குத் தெரிகிறது. நம் அறைக்காரர்களுக்குத் தெரிகிறதா, பார்ப்போம்.