முதலில் தெள்ளு, அப்புறம்தான் எலி

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு மாப்பிள்ளை தேடினார்கள். கொச்சியில் வேறு உத்தியோகங்களுக்கு அப்படி என்ன பஞ்சமோ, எலி பார்க்கிற ஆளைப் பிடித்தார்கள். வெலிங்டன் தீவில் வந்து நிற்கும் கப்பல்களில் ஏறி, எலி இருக்கிறதா, அதன் மேல் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று சோதிக்கும் சர்க்கார் வேலை. பாலக்காட்டுப் பையன், நம் ஆள், வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள் என்று அத்தாவுக்கு ஒரே பெருமை. என் தோழிகளுக்கோ சிரித்துச் சிரித்து வயிற்றுவலி.

"மஹரா பவுனாடி குடுப்பான்? எலிப்பொறிதான் குடுப்பான் பாரு!" என்றாள் ஒருத்தி, நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய மஹரைச் சொல்லி.

நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் அன்று பெண்ணிடம் சம்மதம் கேட்க ஆட்கள் வருவார்கள். பெண் வாயே திறக்கவேண்டாம். தலையைக் குனிந்து சும்மா இருந்தால் அதுவே சம்மதம். வேண்டாம் என்பதானால்தான் பேசவேண்டும், அதுவும் அத்தனை பேர் முன்னால். பேசிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். கண்ணாடி முன் நின்று "சம்மதமில்லை" என்று சொல்லிப் பழகினேன். நன்றாகவே வந்தது.

மட்டாஞ்சேரி பஜாரில் கீழே அத்தாவின் அரிசிக் கிடங்கு, மாடியில் நாங்கள். அரிசி இருந்தால் எலி இருக்கும். அதுவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எலி ஆபீஸ் மாப்பிள்ளை வருகிற வீட்டில் எலியா? விஷம் வைத்தார், பொறி வைத்தார், அக்கம்பக்கத்துக் கடைப் பூனைகளையெல்லாம் இரவல் வாங்கினார். பஜாரே வேடிக்கை பார்த்தது. செத்த எலிகளைக் கூடையில் அள்ளினார்கள். கிடங்கு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் சொறிய ஆரம்பித்தோம். வேர்க்குரு என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. தலை பிளந்தது. நெஞ்செல்லாம் சிவப்புப் புள்ளிகள். டாக்டர் மலேரியா என்றார். அம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்கு மேற்கூரை ஓடுகள் வைப்பின் தீவுக்குப் போகும் படகு மாதிரி ஆடின. காரணமே இல்லாமல் சிரித்தேன். கல்யாணம் நின்றுபோகும் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆசைப்பட்டது நடக்கப்போகிறது, பார்க்க நான் இருப்பேனா என்று நினைத்து அதற்கும் சிரித்தேன். பயமாகவும் இருந்தது.

செய்தி கேட்டு மாப்பிள்ளையே வந்துவிட்டார். பெண்ணைப் பார்க்கக்கூடாதல்லவா, கதவுத் திரைக்கு வெளியே நின்றார். முதன்முதலில் அவர் குரலைக் கேட்டது அப்போதுதான்.

"மாமா, இங்க சமீபத்துல எலி ஏதும் செத்துச்சா?"

"ஏதுமா?" அத்தாவின் நெஞ்சு நிமிர்ந்ததை நான் படுத்தபடியே உணர்ந்தேன். "ஒண்ணு பாக்கியில்ல மாப்ளே! கூடை கூடையா அள்ளியாச்சு!"

படீர் என்று ஒரு சத்தம். அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"பூச்சித் தூள் போடாமயா மாமா? எலி செத்தா தெள்ளு கூடவே சாகாது. சூடான வேற ஒடம்பத் தேடி வரும். முதல்ல தெள்ளு, அப்புறந்தான் எலி. இது டைபஸ் காய்ச்சல் மாதிரி தெரியுது."

அன்றே வேறு டாக்டரைக் கூட்டி வந்தார். அவரும் அதையே சொன்னார். புதிதாக வந்திருந்த கேப்சூலைக் கொடுத்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. கிடங்குக்கு டி.டி.டி. தூள் அடிக்கிற சாக்கில் அவர் தினமும் சாயங்காலம் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் சாயாவோடு உட்கார்ந்து, நிச்சயித்த பெண்ணிடம் பேன் கதை பேசினார்! ரஷ்யா மேல் படையெடுத்துப் போன பிரெஞ்சுப் பட்டாளத்தைக் குளிர் பாதி கொன்றதென்றால், சட்டை மடிப்பில் இருந்த பேனும் டைபஸைப் பரப்பித் தன் பங்குக்குக் கொன்றதாம். போரும் பஞ்சமும் போன ஊருக்கெல்லாம் அது பின்னாலேயே போனதாம். இங்கிலாந்தில் ஒரு ஜெயிலிலிருந்து கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர, தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கே ஒட்டிக்கொண்டதாம்.

"நீதிபதி செத்துட்டாரா?" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"செத்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடுவில் காவல் உட்கார்ந்திருந்த அம்மா முறைத்தாள். திரைக்கு அப்பால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். உனக்கு வந்தது அந்தப் பேன் டைபஸின் சாதுவான தங்கச்சி, தெள்ளு கொண்டுவருவது, பயப்படாதே என்றார்.

பயம் போகவில்லை, திசைதான் மாறியது. காய்ச்சலுக்குப் பிறகு என் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நான் எலும்பாகிவிட்டேன். நோயாளிப் பெண் வேண்டாம் என்று பாலக்காட்டுப் பெரியவர்கள் இழுத்தார்கள். கண்ணாடி முன் பழகியதெல்லாம் மறந்துபோய், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று சோறு இறங்காமல் கிடந்தேன். "அந்த வீட்டுல எலியக் கொன்னது எனக்காக. நோய் வந்ததும் என்னாலதான். நான் வேற எங்க போவேன்?" என்று அவர் வீட்டில் சொன்னாராம். அத்தா வந்து சொன்னபோது போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மாப்பிள்ளை கைப்பட மூலை முடுக்கெல்லாம் தூள் அடித்திருந்தார். பாயை விட்டு எழுந்த பாலக்காட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் பின்பக்கம் வெள்ளை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

சம்மதம் கேட்க ஆட்கள் வந்தார்கள். இன்னாருடைய மகனுக்கு, இன்ன மஹருக்கு என்று பெரியவர் தொண்டையைச் செருமித் தொடங்கினார். சும்மா இருந்தாலே போதும். ஆனால் சும்மா இருந்து கிடைத்த சம்மதம் என்று மாப்பிள்ளை நினைத்துவிடக் கூடாதே!

"சம்மதம்!" என்றேன்.

கீழே கிடங்கு வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா தொடையில் கிள்ளினாள். "வெக்கமில்லாத புள்ள," என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, ஆண்கள் இருந்த அறையில் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. திரைக்கு அப்பாலிருந்து எனக்குப் பழகிய சிரிப்பு.

மஹர் என்ன என்று சொல்லி முடிக்கக்கூட நான் அவர்களை விடவில்லை. எலிப்பொறி என்றிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.